லைற்றுக்கு அளவுதான் தெரியும்

இல்லைப் பாருங்கோ, நித்திரை இல்லை. மேல ஒராள், "ட்றைவர் கண்ணயர்ந்திருப்பார், பிறகு திடுக்கிட்டு முழிச்சு, பிறேக் எண்டு நினைச்சு மற்றதை மிதிச்சிருப்பார்" எண்டு எழுதியிருக்கிறார். அதுக்குக் கீழ இந்த வாகனக் குறூப்பில பாதிப்பேர் ஓம் ஓம் எண்டு கை தூக்கியிருக்கிறியள். காலமை ரீயோட இருந்து வாசிச்சனான், ரீ ஆறிப்போச்சு. ஒரு வான் ஏன் நிக்கேல்லை எண்டு தெரியாட்டி, தெரியாது எண்டு எழுதுங்கோ, அதில ஒரு வெக்கமும் இல்லை. பிழையான காரணத்தை இவ்வளவு நம்பிக்கையா எழுதிறதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு. பல்லுக்குள்ள பனங்கிழங்குத் தும்பு மாட்டின மாதிரி.

நீங்கள் படத்தில பாத்த அந்த வெள்ளை வான், இடப்பக்கம் முழுக்க மதிலோட அப்பிக்கொண்டு நிக்கிறது, அது வேலணை றஜீவன் அண்ணையின்ர. அதுக்குக் கடைசியாப் பிறேக் செய்தது நான்தான். பேர் மிதுஷன், அதே தீவில புளியங்கூடல். மாமியாரைக் கொண்டுபோய் மதிலில அடிச்சுச் சாகடிச்சவர் எண்டு அண்ணைக்கு இப்ப கேஸ் நடக்குது. லைசென்ஸ் போறதோட நிக்குமோ, உள்ளுக்கும் போடுவாங்களோ எண்டு ஆருக்கும் தெரியாது. அதால ஆறுதலா, முதலில இருந்து சொல்லுறன். விளங்காட்டி இடையில கேளுங்கோ.

முதலில லைற், ட்றைவருக்கு முன்னால எரியிற பிறேக் லைற். சிவப்பு வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்டு எரியும், எல்லாற்ற வாகனத்திலயும் ஒண்டுதான். அது எரிஞ்ச உடன ஒயில் போத்திலத் தூக்கிக்கொண்டு ஓடாதேங்கோ. முதலில ஹான்ட்பிறேக் முழுக்க இறங்கியிருக்கோ எண்டு பாக்கவேணும். நிமலினி ரீச்சர் அந்த லைற்றோட ரெண்டு கராஜுக்குப் போட்டுத்தான் என்னட்ட வந்தவ. பாத்தா அவவின்ர ஹான்ட்பாக்கின்ர வார் ஹான்ட்பிறேக்கில கொளுவி ஒரு கிளிக் மேல இழுத்துக்கொண்டு கிடக்கு. பாக்கைத் தூக்கினன், லைற் அணைஞ்சிது. "இவ்வளவுதானோ தம்பி" எண்டு கேட்டா. ஓம் ரீச்சர், இவ்வளவுதான்.

ஹான்ட்பிறேக் சரியெண்டா பொனற்றைத் திறந்து பிறேக் ஒயில் டப்பாவைப் பாக்கவேணும். மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. கீழ்க் கோட்டுக்குக் கீழ போனா உள்ளுக்க இருக்கிற மிதவை இறங்கி லைற்றை எரிக்கும். ஆனா ஒயில் ஏன் குறைஞ்சது? எங்கயாவது ஒழுகவேணும், இல்லாட்டி சில்லைப் பிடிச்சு நிப்பாட்டிற பிறேக் பாட் தேஞ்சிருக்கவேணும். பாட் தேயத் தேய ஒயில் அந்த இடத்தை நிரப்பக் கீழ இறங்கும். சும்மா மேலால ஊத்தி லைற்றை அணைச்சிட்டு, தேஞ்ச பாட்டோட ஓடித்திரியிற ஆக்கள் எங்கட பக்கத்தில கனபேர். இது எல்லாம் எனக்கு ஆரும் சொல்லித்தரேல்லை, நானாப் பாத்துப் படிச்சது. எங்கட வீட்டுக்குப் பின்னால கடல் பக்கமா ஒரு கொட்டில் போட்டிருக்கிறன், அதுதான் என்ர கராஜ்.

றஜீவன் அண்ணையும் அப்பிடித்தான் வந்தவர்.

"டேய் மிது, உந்தச் சிவப்பு லைற் கண்ணுக்குள்ள குத்துது. அணைச்சுவிடு."

"ஏன் எரியுதெண்டு பாக்கவேணும் அண்ணை."

"பாத்து என்ன செய்யப்போறாய், பொம்பிளை கேக்கப்போறியோ? அணைச்சுவிடடா."

அவரோட வந்த சுஜிதன், அவற்ற மனுசி கஜனி அக்காவின்ர தம்பி, அங்கால நிண்டு சிரிச்சவன். "அத்தான், அவன் யூரியூப் மெக்கானிக். நெற் வெட்டினா நட்டுக் கழட்டத் தெரியாது." எனக்குக் கோவம் வரேல்லை. அதை இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு கோவத்தில செய்தவன் எண்டு ஆரும் எழுதப்படாது. நான் ரயரைக் கழட்டிப் பாத்தன். பாட் ரெண்டும் பிஸ்கற் மாதிரித் தேஞ்சு போச்சு.

ஏன் அவ்வளவு கெதியாத் தேஞ்சது எண்டு உங்களில தீவுக்காறருக்குத் தெரியும். எங்கட றோட்டில மாடு படுத்திருக்கும், ஆடு குறுக்கால ஓடும், சைக்கிள் ஒழுங்கைக்குள்ளால பாயும். அதால இஞ்ச ஓடிப் பழகின ஆக்கள் பிறேக்கில கால் வைச்சபடிதான் ஓடுவினம். றஜீவன் அண்ணைக்கு அது பெரிய பெருமை. "நான் காலை எடுக்கிறதே இல்லையடா, அதால இண்டைவரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடிச்சதில்லை" எண்டு சொல்லுவார். உண்மைதான். இஞ்ச அது நல்ல பழக்கம்.

இனி ஒயில். டப்பாக்குள்ள இருந்தது பிளேன்ரீ நிறம். என்னட்ட ஒரு பேனை மாதிரி ரெஸ்ரர் இருக்கு, ஒயிலுக்குள்ள எவ்வளவு தண்ணி எண்டு காட்டும். தோய்ச்ச உடன சிவப்பு. குறூப்பில கனபேர் கேட்டுக்கொண்டிருக்கிறியள், எந்தத் தர ஒயில், டொட் திறீயோ டொட் போரோ எண்டு. டப்பா மூடியில என்ன எழுதிக் கிடக்கோ அதுதான் விடவேணும். திறீ எழுதியிருந்தா போர் விடலாம், அது இன்னும் கூடின சூட்டிலதான் கொதிக்கும். டொட் பைவ் பக்கம் போகாதேங்கோ, அது வேற சாதி, கலக்க ஏலாது. ஸ்ரியறிங் ஒயிலைக் கொண்டுபோய் இதுக்குள்ள ஊத்தினா றப்பர் எல்லாம் ஊதிப்போம். இதுகளைவிட முக்கியம், போத்தில் புதுசா இருக்கவேணும், சீல் உடைக்காமல். ஏனெண்டா பிறேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அதுவும் எங்கட கடல் காத்தில, மூடியை வடிவா மூடாம வைச்சா உப்பு வைச்ச சிரட்டை மாதிரித் தண்ணி கோக்கும்.

தண்ணி கலந்தா என்ன? சாதாரணமா ஒண்டும் இல்லை. பெடல் நல்லா இருக்கும், வான் நிக்கும். ஆனா பிறேக் சரியாச் சூடாகினா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். ஒயில் அமத்தினா அமத்தின விசை போய்ச் சேரும். ஆவியை அமத்தினா அது பஞ்சு மாதிரி அமியும், பெடல் தரைக்குப் போம், வான் போய்க்கொண்டே இருக்கும். லைற்கூட எரியாது. டப்பாக்குள்ள ஒயில் நிறைய இருக்கெல்லோ. லைற்றுக்கு அளவுதான் தெரியும், தரம் தெரியாது.

இதை வாசிச்ச நாளில இருந்து எனக்கு ஒரே யோசினை. போன மாரிக்கு முதல் ஒரு பெரிய பிறேக் ஒயில் போத்திலை மூடியில்லாம கொட்டில் யன்னலில வைச்சனான், எவ்வளவு ஈரம் இழுக்குதெண்டு பாக்க. சும்மா ஆசைக்கு. மாரி முடிய அதில கொஞ்சத்தை மீன் ரின்னுக்குள்ள ஊத்திக் குசினியில கொதிக்க வைச்சுப் பாத்தன்.

"டேய், உதென்ன நாத்தம்?" எண்டு அம்மா ஓடி வந்தவ.

"விஞ்ஞானம் அம்மா."

"உன்ர விஞ்ஞானத்தை வெளியால கொண்டுபோய்க் கொதிக்க வை. எனக்குப் புட்டு அவிக்க அடுப்பு வேணும்."

நல்ல கெதியாக் குமிழி வந்திது, புத்தகத்தில போட்டிருக்கிற சூட்டுக்குக் கன கீழ. ஆனா மீன் ரின்னில கொதிக்கிறதும் வானில கொதிக்கிறதும் ஒண்டில்லையெல்லே. வானில பாக்கிறதுக்கு ஒரு இறக்கம் வேணும். எங்கட தீவில எங்க இறக்கம்? வேலணையில இருந்து ஊர்காவற்றுறைக்குப் போங்கோ, ஒரு தேங்காயை றோட்டில வைச்சா அது அப்பிடியே நிக்கும். நான் இவ்வளவு படிச்சும் ஒருநாளும் ஓடுற வானில பிறேக் ஒயில் கொதிச்சதைக் கண்ணால பாத்ததில்லை. நீந்தத் தெரியாதவன் நீச்சலைப் பற்றிக் கொமென்ற் எழுதிற மாதிரி எனக்கே வெக்கமா இருந்திது.

பாட் மாத்திற அண்டுதான் அண்ணை சொன்னவர், மலைநாட்டுக்கு, பண்டாரவளைக்குப் போயினமாம். யோகம்மா மாமி, கஜனி அக்காவின்ர அம்மா, கனடாவுக்கு மகனிட்டப் போகப்போறா. அதுக்கு முதல் தன்ர தேப்பன் கடை வைச்சிருந்த இடத்தை ஒருக்காப் பாக்கவேணுமெண்டு ஆசை. மாமி பிறந்ததே அந்தக் கடைக்கு மேலதானாம். அதைப் பாத்திட்டு அங்கயிருந்து கீழ இறங்கிக் கதிர்காமம். அண்ணை, அக்கா, மாமி, சுஜிதன், அண்ணையின்ர சின்ன மகள் கோபிகா, அஞ்சு பேர்.

பண்டாரவளையில இருந்து கீழ இறங்கிற றோட்டை வீட்ட போய் போனில கூகிள் மப்பில பாத்தன். பின்னல் பின்னின மாதிரி வளைவு, மைல் கணக்கில இறக்கம். ஓட்டோ கியர் வான். காலை எடுக்காத ட்றைவர். நீங்களே சொல்லுங்கோ, இப்பிடி ஒரு பொருத்தம் இன்னொருக்கா வருமோ?

அண்ணை நான் சொன்னபடியே யாழ்ப்பாணத்தில புது டொட் போர் போத்தில் வாங்கிக்கொண்டு வந்தவர். "இந்தா, உன்ர தீர்த்தம்" எண்டு தந்தார். நான் புதுப் பாட் போட்டன், நல்ல பாட், ஒரு குறையும் சொல்ல ஏலாது. பழைய ஒயிலை முழுக்க எடுத்தன். நாலு சில்லுப் பக்கமும் பிறேக் குழாய்க்குள்ள நிண்ட காத்தை வெளிய எடுத்தன். மேல் கோடு வரைக்கும் நிரப்பினன். லைற் அணைஞ்சிது. அண்ணை ஏறி ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்து, "பரவாயில்லை, பெடல் கல்லு மாதிரி நிக்குது" எண்டார்.

அவர் தந்த புதுப் போத்தில் இப்பவும் என்ர தட்டில இருக்கு, சீல் உடைக்கேல்லை. நான் விட்டது யன்னலில இருந்தது.

இதில ஒண்டை நீங்கள் கவனிக்கவேணும். அவர் கேட்டது லைற்றை அணைக்கச் சொல்லி. நான் அணைச்சன். பெடல் கல்லு மாதிரி எண்டு அவரே சொன்னவர். தீவுக்குள்ள ஓடித்திரிஞ்சிருந்தா அந்த ஒயிலோட இன்னும் பத்து வருசம் ஓடலாம்.

ஒரு சின்னக் கமெராவும் பூட்டிவிட்டனான், கண்ணாடிக்கு உள்பக்கம், றோட்டையும் எடுக்கும் உள்ளுக்க கதைக்கிறதும் கேக்கும். "மாமியின்ர பயணம், ஞாபகத்துக்கு இருக்கட்டும்" எண்டன். அக்காவுக்குச் சரியான சந்தோசம். வெளிக்கிட்ட அண்டு காலமை ரயருக்குக் கீழ தேசிக்காய் வைச்சதும் நான்தான். மாமி தான் பனம்பழக் களியில காயவைச்ச பினாட்டு ஒரு பை தந்தவ. "நீ செய்தனி எண்டபடியாப் பயமில்லாமப் போறன் பிள்ளை" எண்டவ. கியரைக் குறைச்சு இறங்கச் சொல்லி அண்ணைக்கு ஒரு வசனம் சொல்லுவமோ எண்டு எனக்கு வாயில வந்திது. ஆனா சொன்னா ரெஸ்ற் பிழைச்சுப்போம். அதால சொல்லேல்லை.

வீடியோவைப் பற்றிச் சொல்லவேணும். சொந்தக்காறரோட சேந்து சாமான் எடுத்துவர நானும் பொலிசுக்குப் போனனான், அந்தக் கமெரா என்ர எண்டு சொல்ல எடுத்துத் தந்தவை, உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஆரும் பாக்கேல்லை. இவ்வளவு தெளிவா வருமெண்டு நான் நினைக்கேல்லை.

இறக்கம் துடங்கேக்க எல்லாரும் சிரிப்பும் கதையுமா நல்ல புழுகத்தில. மாமி முன்சீற்றில, இடப்பக்கம். இடம் பாக்கட்டும் எண்டு அதில இருத்தினவை. "இந்தத் திருப்பத்திலதான் ஐயா லொறியை நிப்பாட்டிப் பேரிக்காய் வாங்குவார்" எண்டு காட்டிக்கொண்டு வாறா. முன்னால ஒரு லொறி உறுமி உறுமி ஊருது.

"அத்தான், உவன்ர எஞ்சின் செத்துப்போச்சுப் போல. உந்தக் கத்துக் கத்துது."

"சின்னக் கியரில வாறான் பேயன், எண்ணையைக் குடிக்கப்போகுது" எண்டு அண்ணை சிரிக்கிறார். முந்திக்கொண்டு போறார். இந்த இடத்தில நான் ஒவ்வொருமுறையும் நிப்பாட்டிப் பாக்கிறனான். அந்த லொறிக்காறன் செய்ததுதான் சரி, சின்னக் கியரில எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பிறேக் சூடாகாது. அவனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போயினம்.

"தம்பி, மெல்லமாப் போங்கோ, காது அடைக்குது" எண்டுறா மாமி.

"நான் காலை எடுக்கேல்லை மாமி, பிறேக்கில வைச்சபடிதான் வாறன், பயப்பிடாதேங்கோ."

பிறகு கோபிகா. "அப்பா, என்னவோ எரியிற மணம் வருது."

"அது தேயிலைத் தொழிற்சாலை குஞ்சு. தேயிலை வறுக்கினம்" எண்டுறா அக்கா.

"வடிவா மணக்குது என்ன" எண்டு சுஜிதன்.

அது பாட். ஆனா பாருங்கோ, தீவில இருந்து போன ஆக்களுக்கு பாட் எரியிற மணம் எப்பிடித் தெரியும்? அது அவையின்ர பிழை இல்லை.

அதுக்குப் பிறகு அண்ணை "ஆ" எண்டு ஒரு சின்னச் சத்தம். "பெடல் கீழ போட்டுது." சுஜிதன், "பகிடி விடாதேங்கோ அத்தான்" எண்டுறான். அண்ணை திரும்பத் திரும்ப மிதிக்கிற சத்தம் கேக்குது, டக் டக் எண்டு வெறுந்தரையில. மாமி முருகா எண்டுறா. கடைசியில ஹான்ட்பிறேக்கை இழுக்கிறார், வான் வளைவில சுத்தி இடப்பக்கமா மதிலுக்குப் போகுது. இதில எங்க நித்திரை? எங்க மற்றப் பெடல்? இப்ப விளங்கிச்சோ நான் ஏன் இவ்வளவு எழுதிறன் எண்டு?

இனிச் சுவாரசியமான பகுதி. ஒயில் ஆறினா ஆவி திரும்பத் தண்ணியாகும். பெடல் திரும்பக் கல்லு மாதிரி வரும். பிறகு வந்து பாத்த பரிசோதகர் என்ன எழுதினவர்? பாட் புதுசு, ஒயில் நிறைய, பெடல் நல்லம், பிறேக்கில குறை இல்லை. அவர் பொய் எழுதேல்லை. அவர் வரேக்க குறையே இல்லை. அதாலதான் அண்ணை "பெடல் கீழ போட்டுது" எண்டதைக் கேட்ட சுஜிதனே, இப்ப நித்திரையால முழிச்சுப் புலம்பினவர் எண்டு சொல்லுறான். கஜனி அக்கா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டை போட்டா. அண்ணையோட கதைக்கிறதில்லை. கோபிகா இன்னும் திரும்ப நடக்கத் துடங்கேல்லை, ஆனா நடப்பாள் எண்டு டொக்ரர் சொன்னவராம், கெட்டிக்காரப் பிள்ளை. மாமியின்ர செத்தவீட்டு எட்டுச் சிலவுக்குக் கதிரை, அண்டா எல்லாம் நான்தான் ஏத்தி இறக்கினது. பினாட்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் கிடக்கு, நல்ல ருசி.

போன கிழமை அண்ணை கொட்டிலுக்கு வந்தவர். தாடி வளந்து, ஆள் அரைவாசி. வாங்கில இருந்து என்ர ஸ்பானர் சாவி ஒண்டைக் கையில எடுத்தார்.

"மிது, நீதானே பிறேக் செய்தனி."

"ஓம் அண்ணை."

"நீ செய்தா பிழைக்காதடா. அது எனக்குத் தெரியும். பகிடி பண்ணினனே தவிர, உன்ர வேலையில எனக்கு எப்பவும் நம்பிக்கை." பிறகு குனிஞ்சுகொண்டு சொன்னார், "அப்ப நான்தான் கண்ணயர்ந்து போனன் போல. யோசிச்சுப் பாக்க அப்பிடித்தான் இருந்திருக்கவேணும். நான்தான் மாமியைச் சாகடிச்சுப்போட்டன்."

எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்திது தெரியுமோ. என்ர வேலையை ஆள் நல்லம் எண்டு வாயால சொன்னது அதுதான் முதல் தரம். ஒரு பிளேன்ரீ போட்டுக் குடுத்தன். ஒயில் விசயத்தைச் சொல்லேல்லை. அவர் இருந்த நிலையில கொதிநிலை, ஆவி எண்டு துடங்கினா ஆளுக்கு ஏறாது. அழுதுகொண்டு இருக்கிறவருக்கு விளங்கப்படுத்தி என்ன பிரயோசனம்? இதுகளை விளங்கிற ஆக்களிட்டச் சொல்லவேணும். அதாலதான் உங்களிட்ட எழுதிறன்.

வாற மாதம் அண்ணைக்குத் தவணை. குற்றத்தை ஏற்கப்போறாராம், நித்திரைதான் எண்டு தானே எழுதிக் குடுக்கப்போறாராம். ஒரு ஆள் தான் செய்யாத பிழையைக் கோட்டில ஏற்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது, அது பிழையான முடிவு, சயன்சுக்கே அவமானம். நான் வீடியோ, ரெஸ்ரர் பேனை, யன்னல் போத்திலில மிஞ்சின ஒயில், சீல் உடைக்காத புதுப் போத்தில் எல்லாத்தையும் பாக்கில போட்டு வைச்சிருக்கிறன். ஒரு சின்ன கேஸ் அடுப்பும் மீன் ரின்னும் கொண்டுபோனா அங்கயே கொதிக்க வைச்சுக் காட்டலாம். வெள்ளைச் சேட்டும் ஒண்டு தைக்கக் குடுத்திட்டன். சொல்லுங்கோ, நான் போய் வடிவா முதலில இருந்து விளங்கப்படுத்தினா, நீதவான் என்னை வாகன நிபுணர் எண்டு பதிஞ்சு கூப்பிடுவாரோ, நீங்கள் என்ன நினைக்கிறியள்?